சைலென்சர் நட்டும் நம்ம அவசரமும்

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி.டி.100, ஸ்பிளெண்டர், ஆர்.எக்ஸ்.100, எஸ்டி, எதுவாக இருந்தாலும் சரி. புது வண்டிக்காரர்களும் படிக்கலாம், அதுவும் ஒருநாள் பழசாகத்தானே போகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த சைலென்சர் நட்டைக் கழற்றும்போது ஸ்டட் ஒடிந்தால் எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டுகிறோம். பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிய நம்மை யாரும் கேட்பதில்லை. அந்தச் செலவில் பெரும்பங்கு நம்முடையது என்பேன்.

போன மாதம் பேகம்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் நடந்தது இது. மில்லில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, இருபது வருஷத்து ஸ்பிளெண்டரைக் கொண்டுவந்தார். ஆக்சிலேட்டரை விட்டால் சைலென்சர் வாயிலிருந்து பட்பட்டென்று சத்தம். ஹெட்டும் சைலென்சரும் சேரும் இடத்தில் பேக்கிங் போய்விட்டது, அவ்வளவுதான். பேக்கிங் விலை டீ, வடைக் காசு. பாய் குனிந்து பார்த்தார். இரண்டு நட்டிலும் ஆறு முனையே இல்லை, உருண்டையாகத் துரு.

"இது ஊறணும் தம்பி. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

"நைட் ஷிப்ட் இருக்கு பாய். அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுங்க."

ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஒரு இழு. டக் என்று ஒரு சத்தம். பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும் அது என்ன சத்தம் என்று. அப்புறம் ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வண்டி இரண்டு நாள் கிடந்தது. லேத் செலவு யாருடையது என்று பெரிய சண்டை. கடைசியில் பாய் பாதியைத் தன் கையிலிருந்து போட்டார். அந்தத் தம்பிக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. இரண்டு பேருமே தினக்கூலி வாழ்க்கை வாழ்பவர்கள்.

எத்தனையோ வருஷம் அறிவியல் நடத்தியவன், கணக்குப் போடாமல் விடமாட்டேன். அந்த ஸ்டட் 6 மி.மீ. தடிமன். அதில் நட்டை இறுக்க, 10 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை போதும். அதே 10 கிலோ அழுத்தத்தை 40 செ.மீ. பைப்பின் நுனியில் கொடுத்தால் முறுக்கு நான்கு மடங்கு. துரு தின்று மெலிந்த ஸ்டட் அதைத் தாங்குமா? நெம்புகோலைப் பற்றி ஆர்க்கிமிடீஸ் பெருமையாகப் பேசினார், சரி. அவர் ஸ்பிளெண்டர் நட்டைக் கழற்றியதில்லை.

ஏன் அந்த இரண்டு நட்டு மட்டும் இப்படி? வண்டியில் அதிகமாகச் சுடுவதும் ஆறுவதும் அந்த இடம். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அங்கேதான் விழுகிறது. இரும்பு துருவானால் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிடும். மரையின் இடுக்குக்குள் பெருக்க இடம் ஏது? ஆப்பு அடித்த மாதிரி நெருக்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம், ஸ்டட் எஃகு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு சின்ன மின்கலம். அலுமினியம் வெள்ளை மாவாக அரிக்கும். நம் பகுதி போர் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரியாததா? தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ள இடத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது ஊரறிந்த விஷயம். அந்தத் தண்ணீரை, ஓட்டி வந்த சூட்டோடு எஞ்சின்மேல் பீய்ச்சி அடித்து வண்டியைக் குளிப்பாட்டுகிறோம். ஆறட்டும் என்று அரை மணி நேரம் விடக்கூடாதா?

இதில் இரண்டு பிடிப்பு இருப்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. நட்டு ஸ்டட்டில் பிடித்திருப்பது ஒன்று. ஸ்டட் ஹெட்டில் பிடித்திருப்பது இன்னொன்று. முதலாவதில் நட்டைப் பலி கொடுக்கலாம். ரம்பத்தால் ஒரு பக்கம் கீறி, மரையைத் தொடுமுன் நிறுத்தி, சின்ன உளியால் பிளந்தால் நட்டு வாய் திறந்து வந்துவிடும். நட்டு போனால் சில ரூபாய், ஸ்டட் போனால் லேத், ஹெட் போனால் ஆயிரக்கணக்கில். இந்த வரிசை எப்போதும் மனதில் இருக்க வேண்டும்.

முனை மழுங்கிய நட்டில் திறந்த வாய் ஸ்பேனரை வைக்கவே கூடாது. ஆறு முனை பாக்ஸ்தான். பத்தாம் நம்பர் வழுக்கினால், 3/8 இன்ச் பாக்ஸைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கவ்வும். முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள், துரு உடையும். அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி... ஒரே இழுப்பில் கழற்றுவது வீரம் கிடையாது.

சூடு காட்டலாம், ஆனால் கவனம். நட்டை மட்டும் சட்டென்று சூடாக்கினால் அது ஸ்டட்டைவிட முந்தி விரியும். ஹெட்டையே சூடாக்கினால் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 150 டிகிரி ஏறினால் அந்த 6 மி.மீ. துளைக்குக் கிடைக்கும் கூடுதல் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். துருவின் பிடி நெகிழ அதுவே போதுமானதாக இருப்பதுண்டு. ஒரு எச்சரிக்கை: இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் காட்டாது. 660 டிகிரியில், நிறம் மாறி எச்சரிக்காமலேயே உருகி வழியும். கேஸ் தீயை ஹெட்டில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டே தீ. ஸ்ப்ரே அடித்த ஈரத்தோடு தீ கூடவே கூடாது.

எஸ்டி வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அதில் ஸ்டட் கிடையாது, பைப்பின் வாயில் பெரிய வளைய நட்டு. அதற்கு ஹூக் ஸ்பேனர் உண்டு. நம் ஊரில் அதை உளியும் சுத்தியலும் வைத்து அடிப்பதே வழக்கமாகிவிட்டது. மைசூர் ஐடியல் ஜாவா மூடி 1996-லிருந்து எத்தனை வருஷம் ஆகிறது! பேரலில் மரை போனால் எங்கே போய் வாங்குவது?

ஒடிந்துவிட்டது என்றால்? மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றுவது நல்ல வழி, வெல்டிங் சூடே பிடியையும் தளர்த்தும். பேட்டரி ஒயரையும் சி.டி.ஐ.யையும் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஈஸி அவுட்டை எல்லோரும் நம்புகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அது உள்ளே ஒடிந்தால், கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட் ஏறாது.

இனி பணத்துக்கு வருகிறேன். மெக்கானிக்குக்கு நாம் ஸ்பேனர் சுற்றுவதற்கு மட்டும் கூலி கொடுக்கிறோம். எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. அப்புறம் அவர் ஏன் காத்திருப்பார்? பைப்பைத்தான் சொருகுவார். மாங்காய்ப் பூட்டு செய்த ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். இறுகிப்போன பூட்டை எடுத்துக்கொண்டு போனால் பூட்டுக்காரர் எடுத்ததும் சுத்தியலாலா அடிக்கிறார்?

மெக்கானிக்குகளிடமும் ஒன்று கேட்பேன். கை வைக்குமுன் சொல்லிவிடுங்கள்: "இது ஒடியலாம், ஒடிஞ்சா இவ்வளவு செலவு." ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குகிறார்களே, அதுபோல. அந்த பாய் ஊறணும் என்று சொன்னார். ஒடிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

"சார், அன்றாடம் வேலைக்குப் போறவன் இரண்டு நாள் வண்டியை எப்படி விட்டுட்டு வருவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினைந்து வருஷம் முடிந்த வண்டியை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோகும் முந்தைய நாள்தான் பலருக்கு சைலென்சர் ஞாபகமே வருகிறது. அதனால் பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஊறவைத்துவிடுங்கள். ஒரு வாரம் முன்பே கம்பி பிரஷ்ஷால் நட்டைத் தேய்த்து, எஞ்சின் ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது தினமும் ராத்திரி நான்கு சொட்டு. துருநீக்கும் ஸ்ப்ரே நல்லது. மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது, டீசலில் கொஞ்சம் தையல் மிஷின் எண்ணெய் கலந்தாலும் ஆகும். நுண்புழைக் கவர்ச்சி என்று எட்டாம் வகுப்பில் படித்தீர்களே, அது தூங்கும் நேரத்தில் வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசாகப் புகையும், பயப்பட வேண்டாம். பிரேக் பக்கமும் டயர் பக்கமும் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

திரும்ப மாட்டும்போது பழைய நட்டைத் தூர எறிந்துவிட்டுப் பித்தளை நட்டு கேளுங்கள், அது எஃகோடு சேர்ந்து துருப்பிடிக்காது. மரையில் காப்பர் கிரீஸ் ஒரு தடவல். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பேக்கிங் சாய்ந்து உட்காரும், மறுபடி பட்பட். ஒரு நாள் ஓட்டி, நன்றாக ஆறிய பிறகு இன்னொரு தடவை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.