போக்சோ வழக்குல குழந்தைக்குத் துணையா போறவங்களைப் பத்தி ஒரு நீண்ட த்ரெட்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு வழக்குல சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தேன். (யாருன்னு தெரியக்கூடாது, அதனால சில விவரங்களை மாத்தியிருக்கேன். சொல்லக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு.) வராண்டா பெஞ்ச்ல அந்தப் பொண்ணும் அவங்க அம்மாவும் உட்கார்ந்திருந்தாங்க. ஏற்காடு மலையில ஒரு உள்கிராமம். "சாப்டியா பாப்பா?"ன்னு கேட்டேன். "வர்றப்ப வாந்தி எடுத்துட்டேன் மேடம், அதுக்கப்புறம் ஒண்ணும் சாப்பிடல."

ஏற்காட்டுல இருந்து சேலம் பக்கம் இறங்குனா 20 கொண்டை ஊசி வளைவு. டூரிஸ்ட்டுக்கு அது ஜாலி. சாட்சி சொல்லப் போற குழந்தைக்கு வெறும் வயித்துல வாந்தி.

"இன்னைக்கு விசாரணையாம்மா?"ன்னு கேட்டேன். "தெரியல மேடம். வரச் சொன்னாங்க, வந்தோம். இது மூணாவது தடவை." காபி பறிக்கிற சீசன். அந்த அம்மாவுக்கு மூணு நாள் கூலி போச்சு.

எனக்கு அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. டாக்டருக்கு சேர் போடுவாங்க. கிளம்புறப்ப, "சப்போர்ட் பர்சன் யாரையாவது போட்டிருக்காங்களா?"ன்னு கேட்டேன். "யாரு மேடம் அது?"ன்னாங்க.

அந்தக் குழந்தையைப் பரிசோதிச்சதே நான்தான். பெண் குழந்தைன்னா பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும்னு சட்டம். அன்னைக்கே நான் சொல்லியிருக்கலாம். காயத்தை எழுதுனேன், மாதிரி எடுத்தேன், போலீசுக்குத் தகவல் போச்சு, கவுன்சலிங்குக்கு அனுப்புனேன். இதை மட்டும் சொல்லல. அதான் இப்ப எழுதுறேன்.

போக்சோ சட்டம் 2012ல வந்தது. அதுக்கான 2020 விதிகள்ல, குழந்தைக்கு விசாரணை ஆரம்பத்துல இருந்து தீர்ப்பு வரைக்கும் கூடவே இருக்க ஒரு ஆளை குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம்னு இருக்கு. அவங்கதான் சப்போர்ட் பர்சன், துணை நபர். குழந்தையும் பெற்றோரும் சம்மதிக்கணும். 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், துணை நபர் தேவையா இல்லையாங்கறதை பெற்றோர் முடிவுக்கு மட்டும் விட்டுடக்கூடாது, இப்படி ஒரு உரிமை இருக்குன்னு எல்லா வழக்குலயும் அவங்களுக்குச் சொல்லணும்னு சொல்லிடுச்சு.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் உண்டு. 1977ல சியாட்டில்ல டேவிட் சூகப்னு ஒரு நீதிபதி, குழந்தையைப் பத்தி முழுசா தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருக்கேன்னு, பயிற்சி கொடுத்த தன்னார்வலர்களை கோர்ட்டே நியமிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சார். அங்க அந்த ஆள் நீதிபதிகிட்ட குழந்தைக்கு எது நல்லதுன்னு ரிப்போர்ட் கொடுப்பாங்க. நம்ம ஊர் துணை நபருக்கு அந்த வேலை இல்லை. வாதாடக்கூடாது. சாட்சிக் கூண்டுல என்ன சொல்லணும்னு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கவே கூடாது. அப்படிச் செஞ்சா எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே லட்டு எடுத்துக் கொடுத்த மாதிரி.

அப்ப என்னதான் வேலை? அடுத்த தேதி என்னைக்கு, எதுக்குன்னு சொல்றது. கைது ஆனானா, ஜாமீன் மனு போட்டிருக்கானான்னு சொல்றது. (இதைப் போலீசோ துணை நபரோ குடும்பத்துக்குத் தெரியப்படுத்தணும்னு விதியே இருக்கு. ஆள் ஜாமீன்ல வந்ததை பஸ் ஸ்டாண்டுல நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட குடும்பம் எனக்குத் தெரியும்.) கோர்ட் எப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்றது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போறாளான்னு பாக்குறது. வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறது, டிபன் வாங்கிக் கொடுக்கிறது.

பஸ் காசுக்குக்கூட வழி இருக்குங்க. சாப்பாடு, துணி, பயணம் மாதிரி அவசரச் செலவுக்கு உடனடியா பணம் கொடுக்கச் சொல்லி குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்குள்ள பணம் கொடுக்கணும். ஆனா இதைக் கேக்கணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்ல?

இப்ப என் கருத்து. சில பேருக்குப் பிடிக்காது.

"நான் வர்றேன் டாக்டர், சேவை செய்யணும்னு ஆசை"ன்னு சொல்றவங்க நிறைய. ரெண்டு வாய்தா பாத்ததும் காணாமப் போயிடுவாங்க. ஏற்கனவே நம்பின ஒரு ஆளால கெட்டுப்போன குழந்தையை, நம்பச் சொல்லிட்டு பாதியில விடுறதுக்கு, போகாமலே இருக்கலாம். குழந்தையோட வாக்குமூலத்தை 30 நாள்ல பதிவு பண்ணணும், வழக்கை முடிஞ்சவரை ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நீங்க அதுக்கு மேலயும் இழுக்கும்னு வச்சுக்கிட்டு வாங்க.

அதனாலதான் இதை வெறும் சேவையா விடக்கூடாதுன்னு சொல்றேன். துணை நபருக்குப் பணம் கொடுக்க விதியில இடம் இருக்கு. கொடுங்க. மலையிலயே படிச்சு, வேலை இல்லாம உட்கார்ந்திருக்கிற பொண்ணுங்க இருக்காங்க. சேலத்துல இருந்து கார்ல வர்ற நல்ல மனசுக்காரங்களை விட, நாகலூர்லயும் வெள்ளக்கடையிலயும் எத்தனை மணிக்கு பஸ் வரும்னு தெரிஞ்ச ஒரு பொண்ணு இந்த வேலைக்குப் பொருத்தம். ஒரே சிக்கல், சின்ன ஊர்ல எல்லாரும் சொந்தம். குற்றம் சாட்டப்பட்டவன் மாமன் முறையா இருப்பான். விஷயம் ஒரே நாள்ல சந்தைக்குப் போயிடும். அதனால அதே ஊர் ஆள் வேண்டாம், மலையில வேற பக்கத்து ஆளா போடுங்க. ரகசியம் காக்கிறது துணை நபருக்குக் கட்டாயம், அதைப் பயிற்சியில முதல் நாளே சொல்லிடணும்.

"இதெல்லாம் மலைக்காரங்க வழக்கம் டாக்டர், நீங்க ஏன் கேஸ் ஆக்குறீங்க"ன்னு என்கிட்ட சொன்னவங்க யாரும் மலைக்காரங்க இல்லை. அந்த அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லல. மூணு நாள் கூலியை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருந்தாங்க.

நான் ஏன் துணை நபரா போகலன்னு கேப்பீங்க. நான் பரிசோதிச்ச குழந்தைக்கு நான் சாட்சி, கூட நிக்க முடியாது. ஆனா இப்ப ஒண்ணு செய்றேன். பரிசோதனை முடிஞ்சதும் ஒரு துண்டுச் சீட்டுல "துணை நபர் வேணும்னு குழந்தைகள் நலக் குழுவுல கேளுங்க"ன்னு தமிழ்ல எழுதி, கூடவே 1098 நம்பரும் எழுதி அம்மா கையில கொடுத்துடறேன். அரசு மருத்துவர் நண்பர்களே, இதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

வர விருப்பம் இருக்கிறவங்க உங்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய்க் கேளுங்க. பட்டியல் அவங்ககிட்டதான் இருக்கு. குழந்தைகளுக்காக வேலை செய்ற அமைப்பு மூலமா போனா சுலபம். கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். உங்களுக்குத் தெரிஞ்ச வழக்கு எதையும், பேர் போடாமக்கூட, கமெண்ட்ல எழுதாதீங்க.