கிதாரின் விலையும் ஒலியும்

கிதார் என்னும் நரப்புக்கருவி நம் மாணவரிடையே பெற்றுள்ள செல்வாக்கை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களின் ஆலயங்களில் ஞாயிறுதோறும் அதன் ஒலி கேட்கிறது. விடுதி முற்றங்களிலோ நாள்தோறும் கேட்கிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் ஒருகாலத்து விருந்துக்கும் நடனத்துக்கும் ஒலித்த அக்கருவி, பின்னர்த் திரையிசை வாயிலாகத் தமிழர் யாவர்க்கும் உரியதாயிற்று. 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ என்னும் படத்தில் இளையராஜா அமைத்த ‘இளைய நிலா’ப் பாட்டின் முகப்பைத் தட்டுத் தடுமாறியேனும் மீட்டிப் பாராத கிதார் மாணவர் நம் நாட்டில் மிக அரியர்.

இவ்வளவு அன்பு பாராட்டும் நாம், ‘எக்கிதார் நல்லது?’ என்னும் வினா எழுந்த அளவிலே செவியை மறந்து கண்ணை நம்பத் தொடங்கிவிடுகிறோம். தலைப்பலகையில் பொறித்துள்ள பெயர் யாது, அது கடல் கடந்து வந்ததா, விலை எத்தனை ஆயிரம் என்பனவே ஆராயப்படுகின்றன. இப்பொழுது எம் விடுதிப் பாடற்குழுவினர் அறுபதினாயிரம் ரூபாய் திரட்டிக் கிதார் வாங்க எண்ணியிருக்கின்றனர். அத்தொகை முழுவதையும் இட்டு, தோதகத்தி மரத்தாற் செய்த உயர்ந்த அயல்நாட்டுக் கருவி ஒன்று வாங்கல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அத்தொகைக்கு எளிய கருவிகள் சில வாங்குதலே தக்கது என்பர் மற்றொரு சாரார். யாம் பின்னவர் பக்கத்தினேம். அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்போம்.

இசைக்கருவியைச் சோதித்துக் கொள்ளும் முறை நமக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தோர் இதனை அறிவர். யாழ்ப்போரில் தன்னை வெல்வானையே மணப்பேன் என்ற தத்தையின் அரங்கிற் சீவகன் புகுகின்றான். அழகிய யாழ்கள் அவன்முன் வைக்கப்படுகின்றன. அவனோ ஒன்றை நீரில் நின்று இளகிய மரம் என்று விலக்குகின்றான். மற்றொன்றை வாட்புண் பட்ட மரம் என்றும், வேறொன்றை இடியேறு உண்ட மரம் என்றும் ஒதுக்குகின்றான். நரம்பிலும் குற்றம் காண்கின்றான். இவை அரண்மனைக்கு ஒப்பான மாளிகையிலிருந்து வந்தன என்பதோ, பொன்னும் மணியும் பதித்தன என்பதோ அவன் கருத்திற் படவில்லை. மரம், நரம்பு, ஒலி ஆகிய மூன்றே அவனுக்கு அளவுகோல். திருத்தக்கதேவர் இப்பகுதியை இத்துணை நுணுக்கமாகப் பாடியது, அக்காலத்து இசைவாணர் கடைத்தெருவில் எவ்வாறு பேரம் பேசினர் என்பதைக் கண்டறிந்தே போலும் என்று யாம் சில வேளை எண்ணுவதுண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை அச்சேற்றிய 1887-ஆம் ஆண்டிலேதான் ஜப்பானில் தொரகுசு யமாஹா என்பார் பழுதுபட்ட ஆர்கன் ஒன்றைச் செப்பனிட்டுத் தம் தொழிலைத் தொடங்கினார். இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் அவ்வொற்றுமை எமக்கு இன்பந்தருகிறது.

நிற்க. கிதாரில் ஒலி எங்ஙனம் பிறக்கிறது என்பதை அறிந்தாலன்றி விலையைப் பற்றி வழக்காடுதல் வீண். மெல்லிய கம்பி ஒன்று தானே அதிர்ந்து காற்றை மிகுதியும் அசைத்தல் இயலாது. அவ்வதிர்ச்சி, கம்பிகளைத் தாங்கும் குதிரையின் வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அப்பலகை, ஆறு எஃகுக் கம்பிகளின் எழுபது கிலோவை ஒட்டிய இழுவிசையைத் தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டும். ஆதலின் அதன் அடியில் மெல்லிய மரச்சட்டங்கள் ஒட்டப்பெறுகின்றன. கனத்தால் பலகை ஊமையாகும். மெலிந்தால் வளைந்து உடையும். கைவினைஞனின் திறமெல்லாம் இவ்விடத்தே அடங்கும். நம் பழம்புலவரும் இதனை உணர்ந்தனர் என்றே தோன்றுகிறது. பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும் முடத்தாமக்கண்ணியார், பத்தலையும் அதன்மேற் போர்த்த தோலையும் முற்கூறி, நரம்பை இறுதியிலேதான் கூறுகின்றார். யாழுக்குப் போர்வை எதுவோ, கிதாருக்கு மேற்பலகை அது.

அவ்வாறாயின் பக்கப் பலகையும் பின்பலகையும் செய்வதென்ன? விலையை ஏற்றுவதில் அவற்றிற்குப் பெரும் பங்குண்டு. ஒலியை ஏற்றுவதிலோ அவற்றின் பங்கு நாம் நம்புவதினும் மிகச் சிறிது. ஸ்பெயின் தேயத்துக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1862-இல் ஒரு கிதாரைச் செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்துப் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையாற் செய்தார். கிதாரின் குரல் மேற்பலகையிலேதான் உளது என்று காட்டுதலே அவர் நோக்கம். அக்கருவி இன்றும் பார்சிலோனா நகரத்து இசைக் காட்சிசாலையில் உள்ளது.

தோர்ரெஸின் கருத்தை அண்மைக் காலத்தில் இங்கிலாந்திலுள்ள லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முறைப்படி சோதித்து 2018-இல் வெளியிட்டனர். ஒரே கைவினைஞர், ஒரே அமைப்பில், ஒரேவகை மேற்பலகையுடன் ஆறு கிதார்களைச் செய்தார். பின்புற மரமும் பக்க மரமும் மட்டும் வேறுவேறு: பிரேசில் தோதகத்தி, இந்தியத் தோதகத்தி, மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். கிதார் வாசிப்போர் ஐம்பத்திருவர் மங்கிய ஒளியுள்ள அறையில், உலோகம் பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடி அணிந்து, எது எம்மரம் என்றறியாமல் அவற்றை வாசித்து மதிப்பெண் இட்டனர். ஆறும் ஏறத்தாழ ஒரே மதிப்பைப் பெற்றன! விலை மிக்க பிரேசில் தோதகத்தி, விலை குறைந்த மரங்களினின்றும் தனித்து நிற்கவில்லை. கண்ணை மூடியவுடன் மரத்தின் பெருமையும் உடன் மறைந்துவிட்டது.

தோதகத்தியைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1833-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தார் பிரேசில் மரத்தை விட்டு இந்தியத் தோதகத்திக்கு மாறியது 1969-இல். அதுமுதல் ‘ரோஸ்வுட்’ என்று நம் இளைஞர் வியந்து பேசும் மரத்திற் பெரும்பகுதி, நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரல்களில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரமே. அதனைக் காத்தற்பொருட்டுத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நம் மலையில் நின்ற மரம் கப்பலேறிச் சென்று, பெயர் மாறித் திரும்பிவர, நாம் அதனைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி, ‘அயல்நாட்டு ஒலி’ என்று மகிழ்கிறோம்.

இனி, மெய்யான வேற்றுமை எங்குளது எனின், மேற்பலகையிலேதான். மலிவான கிதார்களின் மேற்பலகை மெல்லிய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ஒட்டுப்பலகை. விலை சற்றே உயர்ந்தவற்றில் அது ஸ்ப்ரூஸ் மரத்தின் ஒற்றைப் பலகை. இவ்வேற்றுமையைச் செவி உணரும். ஒட்டுப்பலகையின் ஒலி சற்றே மூடுண்டதுபோல் இருக்கும். மெல்ல மீட்டினும் வலிய மீட்டினும் அதன் குரலில் மாறுபாடு குறைவு. ஒற்றைப் பலகையோ விரலின் மென்மைக்கு ஒருவகையாகவும் வன்மைக்கு வேறுவகையாகவும் விடை கூறும். இதனை யாம் மறுக்கவில்லை.

ஆயினும் நாம் வாழ்வது தாம்பரத்தில் என்பதை மறத்தலாகாது. கிதார் செய்வோர் தம் கருவிக்கு உகந்ததெனக் கூறும் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை. நம் கடற்கரைப் பகுதியிலோ ஆண்டின் பெரும்பகுதியில் அஃது அறுபதைக் கடந்தே நிற்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையிற் சொல்லவே வேண்டா. ஒற்றைப் பலகை ஈரத்தை உண்டு பருக்கும், வயிறு புடைக்கும், கம்பிகள் மெட்டுகளினின்றும் உயர்ந்து விரலை வருத்தும். சீவகன் விலக்கிய ‘நீரில் நின்று இளகிய மர’த்தை நாம் விலைகொடுத்து வாங்கிய பின்னர் விடுதியறையிலேயே உண்டாக்கிவிடுகிறோம்! ஒட்டுப்பலகையின் ஏடுகள் ஒன்றையொன்று தடுத்து நிற்றலால் இவ்விடர் அதற்குக் குறைவு. ஆறு பேர் கைமாறி, மின்விசிறியின் கீழ் ஒரு நாளும் சன்னலருகில் மறுநாளும் கிடக்கும் விடுதிக் கருவிக்கு இது சிறிய நன்மையன்று.

விலையைச் சிறிது நோக்குவோம். கொல்கத்தாவிற் செய்யப்பெறும் கிவ்ஸன் போன்றவை மிக மலிவாகக் கிடைக்கும். அப்பெயர் அமெரிக்கக் கிப்ஸனை நினைவூட்டுவதிலிருந்தே பெயரின் வலிமை விளங்கும். யமாஹா நிறுவனத்தாரின் எஃப் 280, எஃப் 310 என்னும் ஒட்டுப்பலகைக் கிதார்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. 2019-இல் அந்நிறுவனத்தார் நம் அண்டையிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தொழிற்சாலை தொடங்கினர். ஒற்றைப் பலகை உடைய எஃப்ஜி 800 அவற்றினும் ஏறத்தாழ இருமடங்கு விலை. அதற்குமேல் விலை ஏற ஏற, ஒவ்வோர் ஆயிரத்துக்கும் செவி பெறும் நன்மை குறைந்துகொண்டே போகிறது என்பது எம் கருத்து. அண்ணா சாலையில் 1842 முதல் மரபு தொடர்ந்து நடைபெறும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளிற் சென்று, கருவிகளை அடுத்தடுத்து வாசிக்கச் செய்து, முதுகு திருப்பி நின்று கேட்டுப் பார்ப்பார் எவரும் இதனைத் தாமே அறியலாம். விலைச்சீட்டைப் பாராமல் கேட்டல் வேண்டும்; அதுவே கடினம்.

இன்னொன்று. பத்தாயிரம் ரூபாய்க் கிதாரைப் பழித்துரைப்போருட் பலர், உண்மையிற் பழிப்பது அதன் பழங்கம்பியையும் சரிசெய்யப்படாத உயரத்தையுமே. வியர்வையும் கடற்காற்றும் பட்ட கம்பி சில வாரங்களிலே துருவேறி மந்தமாகிறது. குதிரையின்மேல் அமைந்த சிறு துண்டை, ஆங்கிலத்திற் சாடில் என்பதை, அறிந்தவர் கையால் அளவறிந்து தேய்த்து, கழுத்தினுள் உள்ள இரும்புக் கோலைச் சிறிது திருப்பி, புதுக் கம்பி பூட்டினால் அதே கருவி வேறொரு கருவியாகும். விரல் நோவால் முதல் திங்களிலேயே கிதாரைக் கைவிட்டோர் எத்துணையரோ! அவர்களுக்குத் திறமை இல்லை என்று நாம் முடிவுகட்டினோம். உயர்ந்து நின்ற கம்பியைத் தாழ்த்தத் தருவதற்குச் சில நூறு ரூபாய் இல்லை என்பதே பலரிடத்து உண்மை.

எதிர்த்தரப்பினர் கூற்றிலும் பொருளுண்டு. நல்ல கைவினைஞர் செய்த முழுமரக் கிதார் மேடையில் தனித்து ஒலிக்கும்போது அதற்கொரு நிறைவு உண்டு என்பதை யாமும் கேட்டிருக்கிறோம். புகழ்பெற்ற பெயர் வாங்குவோனுக்கு ஓரளவு காப்பும் ஆகும். பத்துக் கருவிகளில் ஒன்பது ஒரே தரத்தன என்று நம்பலாம். விற்கும்போதும் விலை போகும். தனிவாசிப்பையே தம் வாழ்வாகக் கொள்ளும் மாணவர் ஒருவர் தம் பொருளால் அத்தகைய கருவி வாங்குவாராயின் அவரை யாம் வாழ்த்துவோம். பாடற்குழுவின் தேவையோ வேறு. முப்பது குரல்களின் நடுவே, ஆர்மோனியமும் தபேலாவும் உடன் ஒலிக்கையில், பின்பலகை தோதகத்தியா அட்டையா என்பதை எச்செவி பிரித்தறியும்?

பொருளினும் முதன்மையானது ஒன்றுண்டு. விலையுயர்ந்த கருவிக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்குச் சாவி உண்டு. சாவி ஒருவரிடமே இருக்கும். இஃது எவர் குற்றமும் அன்று. அறுபதினாயிரம் ரூபாய்ப் பொருளை எவரும் திண்ணையில் வைக்கமாட்டார். ஆனால், ஆண்டுதோறும் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நம் விடுதிகளுக்கு வருவோருள், ஊர் ஆலயத்திற் பாடிப் பழகிய குரலும் தாளம் அறிந்த கையும் உடையவராய், சொந்தக் கருவி மட்டும் இல்லாதார் பலர். அவர்கள் இரவல் கேட்கக் கூசுவர். மூன்றாண்டும் கேட்டுக்கொண்டே இருந்து, ஒரு நாளும் தொடாமல் பட்டம் பெற்றுச் செல்வர். மூத்த மாணவர் சிலர் எம்மிடம் இதனைச் சொல்லி வருந்தியிருக்கின்றனர். பூட்டிய கிதார் அவர்களுக்கு இல்லாத கிதாரே.

ஆதலின் எம் கணக்கு இது. ஒற்றைப் பலகை உடைய கிதார் ஒன்று, மேடைக்கும் ஆராதனைக்கும். ஒட்டுப்பலகைக் கிதார்கள் மூன்று, நூலகப் புத்தகம்போல் பெயரெழுதி இருவாரத்துக்கு எடுத்துச் செல்வதற்கு; முதலாண்டு மாணவர்க்கு முன்னுரிமை. இவை நான்குக்கும் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆகும். எஞ்சிய பத்தாயிரத்தில் உறைகளும், கம்பிகளும், ஆண்டுக்கு இருமுறை செப்பனிடுவார்க்குரிய கூலியும் அடங்கும்.

எம் கணக்கை ஏலாதோர்க்கு ஒரு வேண்டுகோள். வாங்குமுன் ஒரு மாலை விடுதிப் பொது அறையில் திரை கட்டுவோம். நண்பர்களிடமிருந்து இரவல் பெற்ற உயர்ந்த கிதார் ஒன்றும், நன்கு செப்பனிட்டுப் புதுக் கம்பி பூட்டிய எளிய கிதார்கள் இரண்டும் திரைக்குப் பின்னே இருக்கட்டும். ஒருவரே மூன்றிலும் ஒரே கீர்த்தனையை வாசிக்கட்டும். கேட்போர் சீட்டில் எழுதித் தரட்டும். வாசிப்பவர் இன்னார் என்பதைப் பாடற்குழுச் செயலரே முடிவுசெய்யலாம். திரைத்துணி எம் அறையில் உள்ளது.