பரணில் கிடக்கும் லேப்டாப்

கல்வராயன் மலையில் ஒரு லேப்டாப் பழுதானால் என்ன செய்வார்கள்? வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்க வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். “இது பழைய மெஷின், புதுசு வாங்குங்க” என்று கடையில் சொன்னால், மறுபடி மலை ஏற வேண்டியதுதான். லேப்டாப் பரணுக்குப் போய்விடும்.

2011 முதல் 2019 வரை தமிழக அரசு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை இலவசமாக வழங்கியது. முதலில் வழங்கியவற்றில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் நின்றது. லினக்ஸ் மட்டும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற நிலையிலேயே இருக்கிறது.

லினக்சின் மூலப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தைப் பங்கு போடுவது, திரை, கீபோர்டு, வைபை எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதன் பொறுப்பு. வீட்டில் அம்மா மாதிரி! பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் இதை எழுதத் தொடங்கினார். இன்று அது சுமார் 4 கோடி வரிகள். பாதிக்கு மேல் ‘டிரைவர்’கள், அதாவது விதவிதமான கருவிகளை இயக்கும் பகுதிகள்.

அத்தனையும் ஒரு லேப்டாப்புக்கு எதற்கு? தேன் எடுக்கப் போகிறவர் கயிறு கொண்டு போவார். சாமை அறுக்கப் போகிறவர் அரிவாள் கொண்டு போவார். மற்றவை வீட்டில் இருக்கும். லினக்சிலும் அப்படித்தான். டிரைவர்களைத் தனித்தனி ‘மாட்யூல்’களாக வட்டில் வைக்கலாம். ‘மோட்புரோப்’ என்ற கட்டளை, வேண்டியதையும் அதற்குத் துணையானதையும் சேர்த்து ஏற்றும். ‘எல்எஸ்மாட்’, ஏறியிருப்பவற்றைக் காட்டும்.

‘லோக்கல்மாட்கான்பிக்’ என்று ஒரு வழி உண்டு. அப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும். பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் முன்பே செருகி வைக்காவிட்டால், அவையும் கழிந்துபோகும்.

முதல் தடவை கட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வட்டைத் திறக்கும் டிரைவரை அந்த வட்டிலேயே மாட்யூலாக வைத்துவிடுவார்கள். பெட்டியைப் பூட்டி, சாவியை உள்ளேயே போட்ட கதை! அதைக் கெர்னலோடு சேர்த்தே கட்ட வேண்டும். இல்லையென்றால் தொடக்கத்திலேயே ஏறும் சிறு பொட்டலத்தில் வைக்க வேண்டும். பழைய கெர்னலை அழிக்கவே கூடாது. புதியது எழாவிட்டால் பழையதில் நுழையலாம். ஊர் பேர் தெரியாத மாட்யூலை ஏற்றுவதும் ஆபத்து. அது கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

கெர்னலைச் சுருக்கினால் பழைய லேப்டாப் பறக்குமா? பறக்காது. கொஞ்சம் நினைவகம் மிஞ்சும், அவ்வளவுதான். செத்த பேட்டரிக்கு உயிரும் வராது. பலருக்கு ரெடிமேட் லினக்சே போதும். ஆனால் வைபை கிடைக்காதபோது, எந்த மாட்யூல் ஏறவில்லை என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் மலையிலேயே இருந்தால், கள்ளக்குறிச்சிப் பயணம் மிச்சம்.

பிளஸ்-1 கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு லினக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடுத்த படியாக இந்தப் பயிற்சியையும் அரசு சேர்க்க வேண்டும். செலவும் அதிகமில்லை. அரசு லேப்டாப்கள் ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் வந்தவை. கள்ளக்குறிச்சியில் ஒரு நல்ல கம்ப்யூட்டரில் ஒரு தடவை கட்டிய கெர்னலை, பென் டிரைவில் போட்டு மலைக்குக் கொண்டுபோனால், அந்த மாடல் அத்தனைக்கும் அது பொருந்தும்.