பூச்சுக்குப் பின்னால் ஈரம்

பிரிட்டனில் விடுமுறை வந்தால், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு சிறு வீட்டையே காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வோர் பலர். அந்தச் சக்கர வீட்டுக்குக் காரவன் என்று பெயர். பழைய காரவனை விற்க நினைப்பவர் முதலில் தேடுவது வர்ண டப்பாவைத்தான். அது தவறான தொடக்கம் என்பேன்.

பழைய காரவன்கள் பலவற்றில் உள்ளே மரச்சட்டம். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடுப் படலம் இருக்கும். வழவழப்பான அந்தப் பரப்பில் வர்ணம் எளிதில் பற்றாது. அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, அலுமினியத்திற்கென்றே உள்ள பிரைமரை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரமே செதில் செதிலாக உரிந்துவிடும்.

உரிந்தால் போகட்டும், அது அழகுக் குறை. தகடுகள் சேரும் இடத்தில் அடைத்த பசை காய்ந்து வெடித்திருந்தால், மழைநீர் உள்ளே கசிந்து மரம் உளுத்துவிடும். வெளியே தகடு பளபளக்கும்! வாங்குபவரிடம் ஈரமானி இருந்தால் தப்பினார். அதன் இரு ஊசிகளை உட்சுவரில் அழுத்தினால் மின்தடை தெரியும். (ஓம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.) மரத்தின் ஈரம் 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்ந்தால் மின்தடை நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. 20-ஐத் தாண்டினால் உளுத்துப்போகும் அபாயம் உண்டு.

கருவி இல்லாத ஏழை வாங்குபவர் என்ன செய்வார்? ஆகவே விற்பவரே இணைப்புகளை அடைத்து, ஈரத்தை அளந்து, அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். காசு மிஞ்சினால் வர்ணம் அடிக்கலாம்.