மானியம் ஏக்கருக்கா, உழைப்புக்கா?

விவசாய மானியம் என்றதும் நாம் 'எவ்வளவு' என்று கேட்கிறோம், 'எந்த விவசாயிக்கு' என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சன்ஃபிளவர் கவுண்டியைப் பார்ப்போம். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம்.

பருத்தி பூமி. நிலம் வெள்ளையரிடம், உழைப்பு கறுப்பின மக்களுடையது. ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல் வைத்திருந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட் அங்கே பெரிய பண்ணையார். அமெரிக்க செனட் உறுப்பினரும் அவர்தான். கறுப்பின மக்களுக்கான உரிமைச் சட்டங்களை விடாமல் எதிர்த்தவர். 1960களின் பிற்பகுதியில் அவருடைய குடும்பப் பண்ணைக்குப் பருத்தி மானியமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் போனது. நிலத்தில் ஒரு பகுதியைச் சும்மா போட்டு வைப்பதற்கும் அன்று பணம் உண்டு!

அதே கவுண்டியில் ஃபேனி லூ ஹேமர் ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 1962இல் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காக, 18 ஆண்டுகள் வேலை செய்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். 1967இல் ராபர்ட் கென்னடி அந்தப் பகுதிக்கு வந்தபோது கண்டது பசியில் வாடிய குழந்தைகளை. பண்ணைக்கு மானியம், குடிசைக்குப் பட்டினி.

இதன் வேர் 1933இல் இருக்கிறது. பருத்தி விலை வீழ்ந்ததால், பயிர்ப் பரப்பைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடுதான். வாரத்துக்கு உழுதவருக்குச் சேரவேண்டிய பங்கைப் பல பண்ணையார்கள் அமுக்கிக்கொண்டார்கள். பரப்பு குறைந்ததும் ஆள் தேவைப்படவில்லை, குடும்பங்களை வெளியே தள்ளினார்கள். அரசுப் பணமே வெளியேற்றத்துக்குக் கூலியானது. 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையருமான குத்தகை விவசாயிகள் ஒன்றாகச் சங்கம் கட்டியது இதை எதிர்த்துத்தான்.

'கறுப்பருக்குக் கிடையாது' என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏக்கர் கணக்கில் கொடுத்தாலே போதும், மிச்சத்தைப் பழைய நில உடைமை பார்த்துக்கொள்ளும். 1970இல் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள். உடனே நிலம் சொந்தக்காரர்கள் பெயரில் பிரிந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தை நம்மூர் மிராசுதார்கள் ஏய்த்த கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின விவசாயிகளையும் விடவில்லை. உள்ளூர் விவசாயக் குழுக்கள் வெள்ளையர் கையில் இருந்தன, கடன் மனுக்கள் தேங்கின. விவசாயத் துறைமீது தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் உடன்பாடு வந்து 100 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் நிலம் கைமாறிவிட்டது.

இனி நம் பக்கம் திரும்புவோம். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நில ஆவணத்தில் பெயர் உள்ள குடும்பத்துக்கு. குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை, நாற்று நடும் கூலிப்பெண்ணுக்கும் இல்லை. தொகை சிறியதுதான், ஈஸ்ட்லேண்டோடு ஒப்பிட முடியாது. ஆனால் யார் விவசாயி என்பதைப் பட்டாவை வைத்து முடிவு செய்யும் விதி ஒன்றேதான். பஞ்சமி நிலம் பறிபோன ஊர்களில் அந்தப் பட்டா யார் பெயரில் இருக்கும்?

அடுத்த கிராம சபையில் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள். சேரியிலிருந்து எத்தனை பெயர் என்று எண்ணுங்கள். அந்த வயல்களில் சென்ற வாரம் யார் களை எடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.