கொட்டிலும் கொக்கும்

பாட்டுக்குப் பொருள் காண அகராதி ஒன்றே போதும் என்று எண்ணுவோர் உளர். அரசையும் போரையும் பற்றிய பாட்டுக்கு அது போதாது. பாடியவர் யார், எவர் முன்னிலையில் பாடினார், எந்த வேளையில் பாடினார் என்பவை தெரியாவிடில் பொருளில் பாதிகூட நம் கைக்கு வராது.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ஆயுதங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் விளங்குகின்றன. எங்கள் கோமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதுவே அதன் சாரம். சொல்லை மட்டும் நோக்கினால் முன்னவனுக்குப் புகழ், பின்னவனுக்குக் குறை என்றே தோன்றும்.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் பாட்டின் கீழ் இருந்த சிறு குறிப்பும் அச்சேறியது. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது என்பது குறிப்பு. இதைப் படித்ததும் புகழ் ஏளனமாகிறது, குறை எச்சரிக்கையாகிறது. போரே அறியாத ஆயுதங்களை நம்பிப் போருக்கு வராதே என்று, கொட்டிலுக்கு உரியவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் கிழவியார்! வேளச்சேரியும் தொண்டை மண்டலத்து ஊரே. எனினும் ஊர் அபிமானத்துக்காக ஔவையாரை விட்டுக்கொடுக்க நமக்கு மனமில்லை.

மாணாக்கர் இதற்கு ‘வஞ்சப்புகழ்ச்சி’ என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. தன் கோமான் செல்வம் உள்ளபோது பிறர்க்கு உணவளிப்பவன், இல்லாதபோது உள்ளதைப் பலரோடு பகிர்ந்து உண்பவன், வறியவரின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார் ஔவையார். அரசனின் வலிமை கொட்டிலில் இல்லை, அவனோடு உண்ணும் மக்களிடத்தில் இருக்கிறது என்பதன்றோ இதன் அரசியல்?

நிற்க. நமக்கு அண்மைக் காலத்துக்கு வருவோம். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் கட்டம் உண்டு. அந்நாடகத்தில் வேலன் வேடம் பூண்ட தியாகி விசுவநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடுவார். இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். தினையைக் கவர வந்த அந்த வெள்ளைப் பறவை எது என்பதைக் கொட்டகையில் இருந்தவர் எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. போலீஸாருக்கும் புரிந்தது, தாஸ் பன்முறை சிறை சென்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொக்கு என்பது தாமே என்று சர்க்கார் முதலில் ஒப்புக்கொண்டாலன்றி அப்பாட்டைக் குற்றமாக்க முடியாது! 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, சென்னை மேடையில், முருகன் வேடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

இதனால், கொக்கு வரும் பாட்டிலெல்லாம் அரசியல் இருக்கிறது என்று நேயர்கள் கொள்ளலாகாது. குழந்தையைத் தூங்கவைக்கும் தாய் பாடினால் கொக்கு கொக்கேதான். இடமும் காலமும் சாட்சி சொல்லாத பொருளைப் பாட்டின் மேல் ஏற்றுவது உரையாசிரியர் வேலையன்று, ஒற்றர் வேலை.

இன்று அரசர் இல்லை. ஆயினும் தேர்தல்தோறும் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வேளச்சேரித் தெருக்களில் வருகின்றன. சிங்கம் என்றும் புலி என்றும், படை என்றும் வெற்றி என்றும் பாட்டுகள் முழங்குகின்றன. மெட்டு நன்றாயிருந்தால் பிள்ளைகள் உடன் பாடட்டும், தடுக்கவேண்டாம். பாடி முடித்ததும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்போம்: பாடுகிறவர் யார்? எவருக்காகப் பாடுகிறார்? இப்பொழுது ஏன் பாடுகிறார்? கொட்டிலின் பளபளப்பில் மயங்காத கண் அவர்களுக்கு வாய்த்தால், வாக்குச்சீட்டு அவர்கள் கைக்கு வரும் நாளில் நாம் அஞ்சவேண்டியதில்லை.