பகிர்ந்தாலும் குறையாத பாடநூல்



பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் கல்விக் கட்டணத்தைக் கணக்கிடுவர். விடுதிச் செலவைக் கணக்கிடுவர். பாடநூலின் விலையை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில், நடுத்தரக் குடும்பங்களையும் ஏழைக் குடும்பங்களையும் நெடுங்காலமாக வாட்டி வந்த சுமைகளுள் பாடநூலும் ஒன்று. அச்சுமையை இறக்கி வைக்க அந்நாட்டு ஆசிரியர்கள் மேற்கொண்ட முயற்சியொன்றை இம்மாதம் சிந்திப்போம். அது கல்லூரி முதலாண்டு இயற்பியலைப் பற்றியதுதான். எனினும், அறிவு யாருக்குச் சொந்தம் என்னும் பெரிய கேள்வியை நம் முன் வைக்கிறது.

நூலைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். விலை கொடுப்பவர் மாணவர். தேர்ந்தெடுப்பவருக்குச் செலவில்லை, செலவிடுபவருக்குத் தேர்வுரிமை இல்லை. இந்நிலையில் விலை ஏறுவதற்குத் தடையேது? 1986-க்கும் 2004-க்கும் இடையே கல்லூரிப் பாடநூல்களின் விலை 186 விழுக்காடு உயர்ந்தது என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2005-ல் அறிவித்தது. அது பொதுவான விலைவாசி ஏற்றத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாகும்.

நியூட்டன் தம் இயக்க விதிகளை வெளியிட்ட ஆண்டு 1687. அவ்விதிகள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுவதில்லை. பாடநூலின் பதிப்போ மாறிக்கொண்டே இருந்தது. புதிய பதிப்பில் பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண் மாறும். அண்ணன் படித்த நூல் தம்பிக்கு உதவாது. பழைய புத்தகக் கடையில் வாங்கியதும் பயன்படாது. பின்னர், வீட்டுப் பாடத்தைக் கணினி வழியே செய்வதற்கென ஒருவர் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய இரகசியக் குறியீட்டையும் நூலோடு சேர்த்து விற்றனர். இதனால் நூலைக் கைமாற்றும் வழி மேலும் அடைபட்டது.

இவற்றின் விளைவு யாதெனில், வசதியற்ற மாணவர் பலர் நூலை வாங்காமலே வகுப்பில் அமர்ந்தனர். வரலாற்றைச் செவிவழியாகவும் ஓரளவு கற்கலாம். இயற்பியலை அவ்வாறு கற்க இயலாது. படத்தை உற்று நோக்கி, எடுத்துக்காட்டைப் பின்பற்றி, கணக்குகளைத் தானே செய்து பார்த்தால்தான் விசை என்ன, ஆற்றல் என்ன என்பது விளங்கும். நூலில்லாத மாணவன் ஓரிரு தேர்வுகளில் தவறுவான். பிறகு, தனக்கு அறிவியல் வராது என்று தானே தீர்மானித்து விலகிவிடுவான். மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆகியிருக்க வேண்டியவன் ஒரு நூலின் விலையால் வழிமாறிப் போவது அவனுக்கும் சமுதாயத்துக்கும் இழப்பன்றோ?

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர், டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் பரானியுக். ஆசிரியர்கள் பாடங்களை எழுதி எல்லாருக்கும் பொதுவாக வைக்கும் திட்டமொன்றை அவர் 1999-ல் தொடங்கினார். அதன் வழிவந்த 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' என்னும் அமைப்பு 2012-ல் தன் முதல் நூல்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 'காலேஜ் பிசிக்ஸ்'. பால் பீட்டர் யூரோன், ரோஜர் ஹின்ரிக்ஸ் ஆகிய பேராசிரியர்களை முதன்மை ஆசிரியர்களாகக் கொண்ட அந்நூல் 34 அத்தியாயங்களில், நுண்கணிதமின்றி, அடிப்படை இயற்பியல் முழுவதையும் விளக்குகிறது. நுண்கணிதத்தோடு பயில்வோருக்கென மூன்று தொகுதிகள் கொண்ட மற்றொரு நூல் 2016-ல் வெளிவரலாயிற்று. கணினித் திரையில் படிக்கவும் படியெடுத்துக்கொள்ளவும் காசு வேண்டியதில்லை. அச்சு நூல் வேண்டுவோர் குறைந்த விலையில் பெறலாம்.

இலவசம் என்பதைவிட முக்கியமானது, அந்நூலோடு வழங்கப்பட்ட உரிமை. மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, எவரும் அதைப் படியெடுக்கலாம். தம் வகுப்புக்கேற்பச் சுருக்கலாம், விரிக்கலாம், மொழிபெயர்க்கலாம். போலந்து நாட்டினர் பல்கலைக்கழக இயற்பியல் நூலைத் தம் மொழியில் ஆக்கித் தம் மாணவருக்கு இலவசமாகவே வழங்கியுள்ளனர்.

இத்தகைய நூலை ஏற்பது ஆசிரியருக்கு எளிதன்று. பல்லாண்டுகள் பழகிய நூலைக் கைவிட வேண்டும். பாடத்திட்டத்தை அத்தியாயம் அத்தியாயமாக ஒப்புநோக்க வேண்டும். வீட்டுப் பாடக் கணக்குகளைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். பதிப்பகங்கள் ஆயத்தமாகத் தந்த வினாத்தொகுப்புகளுக்கு ஈடாகச் சிலவற்றைத் தாமே உருவாக்கவும் நேரலாம். விடைகள் இணையத்தில் எளிதில் கிடைப்பதால், மாணவர் பார்த்தெழுதாதபடி தேர்வுமுறையையும் மாற்றியமைக்க வேண்டும். ஆசிரியர் ஒரு கோடை விடுமுறையை இதற்கெனச் செலவிட்டால், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பணம் மிஞ்சுகிறது. ஒருவர் உழைப்பால் பலர் சுமை குறைகிறது.

இலவசமாகக் கிடைப்பது தரத்தில் தாழ்ந்ததாகத்தானே இருக்கும் என்று ஐயுறுவோர் உண்டு. விலை தரத்துக்குச் சான்றன்று. இந்நூல்கள் பிற பேராசிரியர்களின் ஆய்வுக்கு உட்பட்ட பின்னரே வெளிவருகின்றன. பிழை கண்டோர் தெரிவித்தால் இணையப் பதிப்பில் திருத்திவிடுகின்றனர். 2018-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், எட்டுப் பாடங்களில் 21,822 மாணவரின் முடிவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று வெளியாயிற்று. இலவச நூலுக்கு மாறிய பின் மதிப்பெண்கள் உயர்ந்தன. அரசின் உதவித்தொகை பெறும் ஏழை மாணவரிடையே அவ்வுயர்வு மிகுதியாகக் காணப்பட்டது. நூல் மட்டுமே இதற்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வது பொருந்தாது. ஆசிரியரின் ஊக்கத்துக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆயினும் இலவச நூலால் கல்வி தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

மற்றொரு கேள்வி நியாயமானது: எழுதியவருக்குக் கூலி வேண்டாமா? வேலையாள் தன் ஊதியத்துக்கு உரியவன் என்பது நற்செய்தி கூறும் நெறி. அந்நெறி இங்கே மீறப்படவில்லை. ஹியூலெட், கேட்ஸ் முதலிய அறக்கட்டளைகள் வழங்கிய பொருளைக் கொண்டே நூலாக்கப் பணி நடைபெற்றது. கூலியை மறுப்பது வேறு. அதை ஏழை மாணவனிடமே வாங்காமல் வேறு வழியில் ஈட்டித் தருவது வேறு.

திருச்சபைக்கு இச்சிந்தனை புதிதன்று. பிறருக்கு வழங்குவதால் குறையாத பொருளை வழங்காமல் வைத்திருப்பவன், அதை முறையாக உடையவன் ஆகான் என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார். அப்பம் பகிர்ந்தால் பங்கு சிறிதாகும். அறிவோ பகிர்ந்தவனிடமும் முழுமையாக நிற்கும், பெற்றவனிடமும் முழுமையாகச் சேரும். அச்சு இயந்திரம் இல்லாத நூற்றாண்டுகளில், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் விவிலியத்தோடு பழம்பெரும் நூல்களையும் கையால் படியெடுத்துக் காத்தனர். அறிவும் தொழில்நுட்பமும் நிலத்துக்கு ஒப்பான ஓர் உடைமை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-ல் எழுதிய சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். செல்வ நாடுகள் அறிவுசார் சொத்துரிமையை, சிறப்பாக மருத்துவத் துறையில், மட்டுமீறிக் கடுமையாக நிலைநாட்டுவதைத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009-ல் கண்டித்தார். நிலவுலகின் பொருள்கள் மாந்தர் அனைவருக்குமென இறைவனால் படைக்கப்பட்டவை என்றால், ஒளியும் ஒலியும் மின்சாரமும் இயங்கும் முறையைப் பற்றிய அறிவு மட்டும் பணம் படைத்தவருக்கென ஒதுக்கப்படலாமோ?

இதனால் நமக்கு ஆவதென்ன? 2012-ல் வெளிவந்த அந்நூலைத் தமிழில் ஆக்கவும் எவரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் இல்லங்களில் இயற்பியல் பயிலும் பிள்ளைகளுக்கு இத்தகைய நூல்கள் உண்டென்று பெற்றோர் எடுத்துச் சொல்லலாம். ஒரு நூலைக் கட்டாயமாக்கும் முன், இதை வாங்க இயலாதவன் என் வகுப்பில் எத்தனை பேர் என்று ஆசிரியர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். இணையமோ கணினியோ இல்லாத மாணவனுக்காகப் பங்கு நூலகத்தில் அச்சுப்படி ஒன்றை வாங்கி வைக்கலாம்; இளைஞர் மன்றமோ வின்சென்ட் தே பவுல் சபையோ மனம் வைத்தால் இது அரிய செயலன்று.

கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்குமாறு ஆண்டவர் தம் சீடரைப் பணித்தார். நாம் கற்ற கல்வியும் பெற்றோரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் நமக்கு வந்த கொடையே. அதை அடுத்தவர் கைக்குச் சேர்ப்பது நம் கடமை.